எந்த ஊர் என்பதற்கு முன்னால் எந்தக் கேள்வி

வாசகர் கடிதம்: "எனக்கு வயது 25. தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமம். 2024இல் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்தேன். அண்மையில் எழுதிய நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில், ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை சில மதிப்பெண்களில் தவறிப்போனது. உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கைத் தகுதியும் கிடைத்தன. நூறாண்டுக்கு முந்திய தமிழ்த் துப்பறியும் நாவல்களை ஆங்கில மூலங்களோடு ஒப்பிட்டு ஆராய விரும்புகிறேன். எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியர், 'என்னிடமே பார்ட்-டைமாகச் சேர்ந்துவிடு, பக்கத்துக் கல்லூரியில் வேலைக்கும் சொல்லி வைக்கிறேன்' என்கிறார். தோழி ஒருத்தி ஹைதராபாத்துக்கு வரச் சொல்கிறாள். அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் அங்கே விண்ணப்பிக்கச் சொல்கிறார். அதற்காக விசாரித்த கன்சல்டன்சியில் ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். வீட்டுக்கு நான் ஒரே மகள், உடன்பிறந்தோர் இல்லை. வரனும் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கே சேர்வது? ஆங்கிலத் துறையா, தமிழ்த் துறையா என்பதிலும் குழப்பமாக இருக்கிறது."

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் சேரக்கூடிய மூன்று இடங்கள் இருக்கின்றன; ஆராயப்போவதாகச் சொல்லும் நாவல்களில் ஒன்றின் பெயர்கூட இல்லை. இதை உங்கள் குறையாகச் சொல்லவில்லை. முனைவர் பட்டம் பற்றி எனக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் எழுதுகிறார்கள். இடம் கிடைத்த பிறகு தலைப்பைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நம் கல்லூரிகளிலேயே சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறோம். ஆனால் இலக்கிய ஆய்வில் இது தலைகீழான வழி. எந்த நூலகம், எந்த வழிகாட்டி, எந்தத் துறை, எத்தனை ஆண்டுகள் என்ற எல்லாவற்றையும் உங்கள் கேள்விதான் தீர்மானிக்க வேண்டும். ஆகவே நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிக்கொண்டு, கடைசியில் இருக்க வேண்டியதைக் கடைசியில் வைத்துப் பதில் சொல்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலத் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில் சேர்க்கை நேர்காணல்களில் மேசைக்கு அந்தப் பக்கம் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை, பழைய தமிழ் நாவல்களை ஆராயப்போவதாக ஒரு மாணவர் வந்தார். அவருடைய ஆய்வு முன்வரைவின் முதல் பத்தியிலேயே ஐந்து பிரெஞ்சுச் சிந்தனையாளர்களின் பெயர்கள் இருந்தன. குழுவில் இருந்த மூத்த பேராசிரியை ஒருவர், "இவற்றில் எந்த நாவலை நீங்கள் பழைய பதிப்பாகக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அதோடு நேர்காணல் முடிந்துபோயிற்று. அடுத்து வந்த பெண்ணுக்கு அவ்வளவு சரளமான ஆங்கிலம் இல்லை. ஆனால் தான் படித்த மலிவுப் பதிப்பின் பின்னட்டையில் என்ன தைலத்துக்கு விளம்பரம் இருந்தது, நாவலின் விலை என்ன, தபால் செலவு எவ்வளவு என்பதையெல்லாம் சொல்லி, இந்த விலைக்கு யார் வாங்கியிருப்பார்கள் என்று எங்களையே கேட்டார். யாருக்கு இடம் கிடைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் தலைப்பு நல்ல தலைப்பு. ஆனால் "ஒப்பிட்டு ஆராய விரும்புகிறேன்" என்பது இன்னும் கேள்வியாகவில்லை. ஒப்பிட்டால் ஒற்றுமைகள் ஒரு பத்தியிலும் வேற்றுமைகள் இன்னொரு பத்தியிலும் வந்து நிற்கும். நம் பல்கலைக்கழக அலமாரிகளில் அப்படிப்பட்ட ஆய்வேடுகள் ஏராளமாக உண்டு. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஆரணி குப்புசாமி முதலியார் ரெனால்ட்ஸின் ஆங்கில நாவல்களைத் தழுவித் தமிழில் எழுதியவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ரெனால்ட்ஸ் (1814–1879) வெறும் மர்மக்கதைக்காரர் அல்லர். உழைக்கும் மக்களுக்கு வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தின் மேடைகளில் பேசியவர், பிரபுக்களைச் சாடுவதற்கென்றே கதை எழுதியவர். இங்கிலாந்தின் இலக்கிய வரலாறு அவரை ஏறக்குறைய மறந்துவிட்டது. இந்திய மொழிகளிலோ அவர் விரும்பி மொழிபெயர்க்கப்பட்டார், தழுவப்பட்டார். லண்டன் பிரபு தமிழுக்கு வரும்போது ஜமீன்தாராகிறாரா, மிராசுதாராகிறாரா? பிரபுக்கள் மீதிருந்த கோபம் கூடவே வருகிறதா, அல்லது துறைமுகத்திலேயே இறங்கிவிடுகிறதா? ஆங்கில ஆட்சியின் கீழ் இருந்த வாசகருக்கு ஆங்கிலப் பிரபுவின் அயோக்கியத்தனத்தைத் தமிழில் படிப்பது என்ன இன்பத்தைத் தந்திருக்கும்? இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அது ஆய்வுக் கேள்வி. உங்களுடையது இதுவாக இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த அளவுக்குக் கூர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்படி ஒரு கேள்வி கையில் வந்த உடனே துறை பற்றிய உங்கள் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். இந்த ஆய்வுக்கு விக்டோரிய காலத்து ஆங்கில நாவலும் தெரிய வேண்டும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துத் தமிழ் அச்சுலகமும் தெரிய வேண்டும். தனி ஆங்கிலத் துறையில் சேர்ந்தால் தமிழ் மூலங்களைப் படித்துத் திருத்தக்கூடிய வழிகாட்டி அமைவது அரிது. தமிழ்த் துறையில் சேர்வதென்றால், உங்கள் முதுகலை ஆங்கிலத்தில் என்பதால் பல இடங்களில் சேர்க்கைத் தகுதியிலேயே சிக்கல் வரும். அதைத் தாண்டினாலும், பின்னால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது "இணைத்தன்மை" (ஒரு பட்டம் இன்னொன்றுக்கு இணையானது என்ற சான்று) என்ற ஒற்றைச் சொல் உங்களை அலுவலகம் அலுவலகமாக அலையவிடக்கூடும். ஆகவே ஒப்பிலக்கியத் துறைகளை முதலில் பாருங்கள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் ஒப்பிலக்கியத் துறை 1956இல் தொடங்கியது. இந்தியாவில் அதுதான் முதல். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியத்துக்கெனத் தனி மையம் இருக்கிறது. உங்கள் தோழி அதைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் நவீன இந்திய மொழிகள் துறையில் தமிழும் உண்டு, ஒப்பியல் நோக்கும் உண்டு. சென்னை ஐஐடியின் மானுடவியல் (ஹியூமானிட்டீஸ்), சமூக அறிவியல் துறையையும் விட்டுவிட வேண்டாம். ஒப்பிலக்கியத்தில் பட்டம் பெற்றால் ஆங்கிலத் துறையில் வேலை கிடைக்காதோ என்ற அச்சம் உங்களுக்கு வரலாம். உங்கள் முதுகலையும் ஆங்கிலம், நெட் தகுதியும் ஆங்கிலம். அவை அப்படியேதான் இருக்கும். 2023 ஜூலை முதல் யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சிதான் அடிப்படைத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை. எனவே அந்தக் கதவு மூடப்போவதில்லை.

இனி வழிகாட்டி. என் அனுபவத்தில், பல்கலைக்கழகத்தின் பெயர் பார்த்துச் சேர்ந்தவர்களைவிட வழிகாட்டியைப் பார்த்துச் சேர்ந்தவர்கள்தாம் பட்டத்தோடு வெளியே வந்திருக்கிறார்கள். நான் என் ஆய்வுக்குச் சேர்ந்தபோது இந்த அறிவு எனக்கு இருந்ததில்லை. வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் போய்விடலாம் என்ற காரணத்துக்காக ஒரு துறையைத் தேர்ந்தெடுத்தேன். மூன்றாம் ஆண்டில் என் வழிகாட்டி ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவருக்கு என் தலைப்பில் ஈடுபாடு இல்லை. எழுதி வைத்த இரண்டு இயல்களைக் கட்டி வைத்துவிட்டு வேறு தலைப்பில் தொடங்கினேன். இன்று இந்த ஆபத்துக்கு ஓரளவு தடுப்பு இருக்கிறது. யுஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர்கள் புதிய ஆய்வாளர்களை ஏற்க முடியாது. அதே விதிகளின்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் வழிகாட்ட முடியாது. ஆகவே நீங்கள் விரும்பும் ஒருவரிடம் இடமே இல்லாமல் இருக்கலாம். விண்ணப்பத்துக்கு முன்பே பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்பதில் தவறில்லை.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் பெருமளவில் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் எண்ணியிருக்கும் வழிகாட்டியின் பெயரை அதில் தேடுங்கள். அவரிடம் எத்தனை பேர் முடித்திருக்கிறார்கள், எந்தெந்த ஆண்டில் என்று பார்ப்பது முதல் படி. பிறகு அவற்றில் இரண்டைத் திறந்து முன்னுரையையும் ஓர் இயலையும் படியுங்கள். ஒவ்வொரு மாணவரின் கேள்வியும் வேறாக இருக்கிறதா, அல்லது ஒரே அச்சில் நாவலாசிரியர் பெயர் மட்டும் மாறிக்கொண்டே போகிறதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அங்கே இப்போது படிக்கும் ஆய்வாளர் ஒருவரிடம், முடிந்தால் பெண் ஆய்வாளரிடம், இயலை எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் திரும்பி வருகிறது என்று கேளுங்கள். "கைடு எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்; எத்தனை நாள் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். வழிகாட்டியின் வீட்டு வேலையும் தேர்வுத்தாள் திருத்தும் வேலையும் மாணவர் தலையில் விழுகின்றனவா என்பதும் அந்தப் பேச்சிலேயே தானாக வந்துவிடும்.

உங்கள் பேராசிரியர் அன்பினால்தான் அழைக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் பார்ட்-டைமாகச் சேர வேண்டாம் என்பதே என் கருத்து. பகுதிநேர ஆய்வு தாழ்ந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பத்தாண்டு பணி செய்துகொண்டே அருமையான ஆய்வேடு எழுதிய ஆசிரியர்களை நான் அறிவேன். அவர்களுக்கு நிரந்தர வேலை இருந்தது, வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு இப்போது வேலை இல்லை. சிபாரிசில் கிடைக்கப்போவதும் தனியார் கல்லூரி வேலை. அங்கே வாரத்துக்கு எத்தனை வகுப்பு, சேர்க்கைக் காலத்தில் ஊர் ஊராக ஆள் பிடிக்க அனுப்புவார்களா, விடுப்பு உண்டா என்பதையெல்லாம் விசாரித்துவிட்டு, சென்னையில் பழைய நூல்களோடு உட்கார ஆண்டுக்கு எத்தனை நாள் மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதோடு, பகுதிநேர ஆய்வாளருக்கு உதவித்தொகைக் கதவுகள் ஏறக்குறைய எல்லாமே அடைபட்டுவிடும்.

உதவித்தொகை என்றதும்தான் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு ஒரே மகள், உடன்பிறந்தோர் இல்லை என்பதை ஊரைவிட்டுப் போக முடியாத காரணமாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அது உங்கள் கையில் இருக்கும் நல்ல சீட்டு. ஒற்றைப் பெண் குழந்தைகளுக்கென யுஜிசி சாவித்திரிபாய் ஜோதிராவ் பூலே பெயரில் ஓர் ஆய்வு உதவித்தொகை வழங்குகிறது. முழுநேர பிஎச்.டி.யில் சேர்ந்திருக்க வேண்டும். உடன்பிறந்தோர் இல்லை என்பதற்கு உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். தொகை ஜேஆர்எஃப் அளவிலேயே இருக்கும். ஜேஆர்எஃப் என்றால் 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. இது கிடைக்காமல் போனாலும், மத்தியப் பல்கலைக்கழகங்களில் வேறு உதவித்தொகை இல்லாத முழுநேர ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய் தருகிறார்கள். அது போதாத பணந்தான். விடுதியும் மெஸ்ஸும் ஓடும், புத்தகம் ஓடாது. சேர்ந்த பிறகும் நெட் தேர்வை மீண்டும் எழுதி ஜேஆர்எஃப் பெறலாம். அதற்கான வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. சில மதிப்பெண்ணில் தவறவிட்டவர் மறுபடி எழுதாமல் விடக்கூடாது.

நாள் கணக்கு ஒன்றையும் கவனியுங்கள். 2024 முதல் பிஎச்.டி. சேர்க்கைக்கு நெட் மதிப்பெண்ணையே நுழைவுத் தேர்வுக்குப் பதிலாகக் கொள்ளலாம் என்று யுஜிசி அறிவித்தது. ஜேஆர்எஃப் இல்லாத உங்களைப் போன்றவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் என்று கணக்கு. ஆனால் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். உதவிப் பேராசிரியர் தகுதி வாழ்நாள் முழுதும் இருக்கும், சேர்க்கைத் தகுதி இருக்காது. இந்த வேறுபாடு தெரியாமல் ஓர் ஆண்டைக் கோட்டைவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். எல்லாப் பல்கலைக்கழகங்களும் நெட்டை மட்டுமே கொள்வதில்லை. சில தனித் தேர்வும் வைக்கக்கூடும். ஒவ்வொன்றின் அறிவிப்பையும் முழுதாகப் படியுங்கள். இன்னொன்று: ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் இதழ்களில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022இல் நீக்கிவிட்டது. பல்கலைக்கழகம் தன் அளவில் அதை வைத்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "கட்டுரைக்கு மூவாயிரம், ஒரே வாரத்தில் அச்சில்" என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளுக்கு மட்டும் பதில் எழுதாதீர்கள். அந்தக் கட்டுரை பின்னாளில் உங்கள் பெயரை விட்டுப் போகாது.

அமெரிக்காவுக்கு வருகிறேன். அத்தை மகன் சொல்வது தவறல்ல. ஆனால் அவர் பொறியியல் முதுகலையை மனத்தில் வைத்துச் சொல்கிறார் என்று ஊகிக்கிறேன், இலக்கிய பிஎச்.டி.யின் கணக்கே வேறு. அங்கே நல்ல பல்கலைக்கழகங்கள் ஆய்வு மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளுக்குக் கட்டண விலக்கு, மாத உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு ஆகிய மூன்றையும் தருகிறார்கள். பதிலுக்குச் சில பருவங்கள் இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் வரும் இலக்கிய பிஎச்.டி. இடம் எவ்வளவு புகழ்பெற்ற பெயரோடு வந்தாலும் ஏற்காதீர்கள். கடன் வாங்கி இலக்கிய முதுகலை படிப்பதும் வேண்டாம். அந்தக் கடனை அடைக்கும் சம்பளம் இலக்கியத்தில் வராது.

விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதிக்குள் முடியும். முடிவு பிப்ரவரி, மார்ச்சில் வரும். உதவித்தொகையோடு வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தர வேண்டும் என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டிருக்கின்றன. அமெரிக்க மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வுகளில் இலக்கியத்துக்கென்று இருந்த பாடத் தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. பொது ஜிஆர்இயையும் பல இலக்கியத் துறைகள் இப்போது கேட்பதில்லை. ஆகவே தேர்வுப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுமுன் துறையின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டு இளங்கலையும் இரண்டாண்டு முதுகலையும் முடித்திருப்பதால் பதினாறு ஆண்டுக் கல்வி என்ற நிபந்தனை உங்களைத் தடுக்காது.

அங்கே உண்மையில் எடை போடப்படுபவை மூன்று. முதலாவது, நீங்கள் ஏற்கெனவே எழுதிய ஒரு கட்டுரை. இருபது பக்க அளவில் கேட்பார்கள். உங்கள் முதுகலைத் திட்டக் கட்டுரை அதற்குத் தகுமா என்று நேர்மையாகப் பாருங்கள். நம் வகுப்புகளில் எழுதுவதில் பாதி மேற்கோள்களின் கோவை. அவர்களோ ஒரே ஒரு பனுவலை நீங்கள் எப்படி நெருங்கி வாசிக்கிறீர்கள் என்று தேடுவார்கள். ஒரு தழுவல் நாவலின் ஓர் அத்தியாயத்தை மூலத்தோடு வரிக்கு வரி வைத்துப் படித்து எழுதினால், இந்தியாவிலிருந்து வரும் எத்தனையோ விண்ணப்பங்களுக்கு இடையில் அது தனியாகத் தெரியும். இரண்டாவது, எதை, ஏன் ஆராய விரும்புகிறீர்கள் என்று சொல்லும் நோக்கவுரை. "சிறுவயது முதலே எனக்கு இலக்கியத்தில் ஆர்வம்" என்று தொடங்காமல், மேலே சொன்ன கேள்வியில் தொடங்குங்கள். கன்சல்டன்சிக்காரர் இதைத்தான் ஒன்றரை லட்சத்துக்கு எழுதித் தரப்போகிறார்; பாவம், அவருக்கு ரெனால்ட்ஸ் யார் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்தப் பணத்தை அவருக்குக் கொடுக்காதீர்கள். விண்ணப்பக் கட்டணமே ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ நூறு டாலர் ஆகும். கட்டண விலக்குக் கேட்டு எழுதினால் சில இடங்களில் தருகிறார்கள்.

மூன்றாவது, பரிந்துரைக் கடிதங்கள் மூன்று. இதில் நம் வழக்கம் ஒன்று நம் பிள்ளைகளையே கெடுக்கிறது. "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்போம். நானும் சொல்லியிருக்கிறேன், வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்கிறேன். மூன்று கடிதங்களும் ஒரே கையால் எழுதப்பட்டவை என்பது படிப்பவர்களுக்குத் தெரியாமல் போகாது. உங்கள் ஆசிரியர்களிடம் வெறுங்கையோடு போகாமல், அவர் வகுப்பில் நீங்கள் எழுதிய கட்டுரை, அவர் அதில் எழுதிய குறிப்பு, கருத்தரங்கில் நீங்கள் பேசியது, இப்போது ஆராய விரும்புவது ஆகியவற்றை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, கெடுவுக்கு ஆறு வாரம் முன்பாகவே கேளுங்கள். நினைவூட்டினால் ஆசிரியர்கள் எழுதுவார்கள்.

அங்கும் துறை பற்றிய கேள்வி உண்டு. ஆங்கிலத் துறைகளைவிட ஒப்பிலக்கியமும் தெற்காசிய ஆய்வுத் துறைகளும் உங்களுக்குப் பொருந்தும். சிகாகோ, பெர்க்லி, பென்சில்வேனியா, விஸ்கான்சின்-மேடிசன், ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம், கனடாவில் டொராண்டோ ஆகியவை தேடத் தொடங்கும் இடங்கள். பழைய பெருமையைப் பார்த்துப் போகாதீர்கள். சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்களான ஏ.கே. ராமானுஜன் சிகாகோவில் கற்பித்தார் என்பதும், ஜார்ஜ் ஹார்ட் பெர்க்லியில் கற்பித்தார் என்பதும் வரலாறு. இன்று அங்கே நவீனத் தமிழ் உரைநடை படிக்கும் ஆசிரியர் யார், அவர் இன்னும் ஐந்தாண்டு இருப்பாரா என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. காலமும் சரியில்லை. 2024 நவம்பரில் போஸ்டன் பல்கலைக்கழகம் ஆங்கிலம் உட்படப் பல மானுடவியல், சமூக அறிவியல் துறைகளில் அடுத்த கல்வியாண்டுக்கான பிஎச்.டி. சேர்க்கையை நிறுத்தி வைத்தது. 2025இல் சிகாகோவும் கலை, மானுடவியல் துறைகள் பலவற்றில் அதையே செய்தது. பட்டம் முடித்தபின் அங்கே நிரந்தர ஆசிரியப் பணி கிடைப்பது இன்னும் கடினம். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மட்டுமே நம்பி இங்கே ஓர் ஆண்டைக் காலியாக வைக்க வேண்டாம் என்கிறேன். பிரிட்டனில் படிப்பு மூன்று, நான்கு ஆண்டில் முடியும், ஆனால் வெளிநாட்டவருக்கு உதவித்தொகை அரிது. ஜெர்மனியில் பெரும்பாலும் ஏதேனும் ஆய்வுத் திட்டத்தில் சம்பளப் பணியாகத்தான் இடம் வரும், தலைப்பும் அவர்களுடையதாக இருக்கும்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை, அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிச் சென்னையிலேயே வைத்தது. 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இன்று தரமணியில் இருக்கிறது. நீங்கள் தேடும் மலிவுப் பதிப்பு நாவல்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சிகாகோவிலிருந்து ஆராய்ந்தாலும் தென்காசியிலிருந்து ஆராய்ந்தாலும் நீங்கள் தரமணிக்கு வந்துதான் ஆக வேண்டும்.

ஆகவே என் யோசனை இதுதான். இந்தச் சேர்க்கைக் காலத்திலேயே ஹைதராபாத், டெல்லி, ஜாதவ்பூர், சென்னை என நான்கு இடங்களுக்கு முழுநேர ஆய்வுக்கு விண்ணப்பியுங்கள். இடம் கிடைத்துச் சேர்ந்தபின், முதல் ஆண்டுப் பாட வகுப்புகளில் எழுதும் நல்ல கட்டுரையை வைத்துக்கொண்டு, இன்னும் ஆசை இருந்தால், அமெரிக்காவுக்கு ஐந்தாறு இடங்களுக்கு மட்டும் முயலுங்கள். இங்கே பதிவு செய்தபின் அங்கே முழுதாகப் போக மனமில்லாவிட்டாலும் வழி உண்டு: ஃபுல்பிரைட்-நேரு ஆய்வு உதவித்தொகை இந்தியாவில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவர்களைத்தான் ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச் செல்கிறது. உங்கள் பேராசிரியரிடம் மறுப்பை நேரில் போய்ச் சொல்லுங்கள், தொலைபேசியில் வேண்டாம். பரிந்துரைக் கடிதத்தை முதலில் அவரிடமே கேளுங்கள். அழைத்தவர் எழுதித் தராமல் இருக்க மாட்டார்.

வரன் பார்ப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, எழுதியிருந்தீர்கள். திருமணம் ஆய்வைத் தடுத்தே தீரும் என்று நான் நினைக்கவில்லை. பட்டத்துக்கான உச்ச வரம்பு ஆறு ஆண்டுகள். மறுபதிவில் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் என மொத்தம் பத்தாண்டு வரை விதி இடம் தருகிறது. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் விடுப்பும் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்களிடம் இந்த விவரத்தை உங்கள் வீட்டார் முன்கூட்டியே சொல்லட்டும். சொல்லாமல் விட்டுப் பின்னால் பேசுவதுதான் சிக்கல்.

விண்ணப்பத்துக்கு முன் பத்து நாள் சென்னைக்குப் போய்வர முடியுமா என்று பாருங்கள். துணைக்கு அப்பாவையே அழைத்துப் போகலாம். தரமணியில் உட்கார்ந்து மூன்றே மூன்று நாவல்களை முதல் பக்கத்திலிருந்து விளம்பரம் வரை படித்துக் குறிப்பெடுங்கள். முன்வரைவை ஊர் திரும்பிய பிறகு எழுதலாம். அதை எனக்கு அனுப்பினால் படித்துப் பதில் எழுதுகிறேன். இந்த முறை நாவல்களின் பெயர்களோடு அனுப்புங்கள்.